சூடேறாத என்ஜினும் மலைநாட்டுப் பழைய கார்களும்

என்ஜின் கொதித்து ஆவி கிளம்பினால் எந்தச் சாரதியும் காரை வீதியோரம் நிறுத்திவிடுவார். அது கண்ணுக்குத் தெரியும் நோய். ஆனால், என்ஜின் சூடேற வேண்டிய அளவுக்குச் சூடேறாமல், நாள்தோறும் குளிர்ந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருப்பதை எவரும் நோயாகக் கருதுவதில்லை. மாறாக, அது நல்ல என்ஜினுக்கு உரிய இலட்சணமாகவே நமது மலையகத்தில் பேசப்பட்டு வருகின்றது. "எந்த மேட்டில் ஏறினாலும் சூடு காட்டாது" என்று பழைய கார் ஒன்றை விற்பவர் பெருமையோடு கூறுவதும், வாங்குபவர் அதனைக் கேட்டுத் திருப்தியடைவதும் சாதாரண விடயங்களாகும். அந்தப் பெருமைக்குள் ஒளிந்திருக்கும் செலவு பற்றியே இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 வீதி, கித்துல்கலையின் களனி ஆற்றங்கரையை விட்டு மேலெழுந்து, கினிகத்தேனை, வட்டவளை, றொசல்ல ஆகிய இடங்களைக் கடந்து ஹட்டனை அடைகின்றது. ஹட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. தாழ்நிலத்தின் புழுக்கத்தில் புறப்படும் கார், இரண்டு மணித்தியாலத்துக்குள் மூடுபனிக்குள் புகுந்துவிடுகின்றது. வட்டவளையோ இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அதற்கு அடுத்துள்ள றொசல்லயிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெயிலைக் காண்பது அரிது. ஒரு காரின் குளிரூட்டும் அமைப்பை இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் இரண்டு விதமாகவும் சோதித்துப் பார்க்கும் வீதி நாட்டில் வேறு அதிகம் இல்லை. ஏறும்போது கொதிப்பும் இறங்கும்போது குளிர்ச்சியும் ஒரே பயணத்தில் ஏற்படக்கூடும்.

இவ்வீதியில் இன்றும் மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், லேண்ட் ரோவர் போன்ற வண்டிகள் ஓடுகின்றன. தோட்டத் துரைமாரிடமிருந்து கைமாறி, நகரத்து வர்த்தகர்களிடம் சென்று, பின்னர் ஹயருக்கு ஓடி, இறுதியில் ஒரு குடும்பத்தின் ஒரே சொத்தாக நின்றுவிட்ட வண்டிகள் அவற்றுள் பல. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தப்பட்ட மொறிஸ் மைனர் 1970களின் தொடக்கத்தில் அங்கு உற்பத்தி நிறுத்தப்பட்ட ஒரு காராகும். ஆயினும், அதன் உதிரிப்பாகங்களைச் செய்யும் கைத்திறன் இலங்கையில் நிலைத்திருந்தமையால், பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் 1990களில் இங்கிருந்தே பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்குத் தருவித்தார். காரைக் கண்டுபிடித்த நாட்டுக்கே இங்கிருந்து பாகங்கள் சென்றன என்பது நமது கராஜ்களுக்குப் பெருமை தருவதாகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளைப் பேணிக் காப்பது பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து மாறி, வேறு வழியில்லாத கட்டாயமாகியது. 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டதையும், அதற்குப் பின்னர் கியூஆர் முறையின் கீழ் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு துளியையும் எண்ணிச் செலவிட்ட அந்த நாட்களில்கூட, என்ஜின் குளிர்ந்து ஓடுவதால் வீணாகும் பெற்றோலைப் பற்றி எவரும் பேசவில்லை.

என்ஜினுக்கு ஏன் சூடு வேண்டும் என்ற கேள்விக்கு மலையகத்து வாசகர்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் இயந்திரத்தில் வெப்பம் அளவுக்கு மேற்பட்டால் தேயிலை கருகும். அளவுக்குக் குறைந்தால் கருகாது. ஆனால் ஈரம் போகாமல் புழுங்கி, தேயிலை கெட்டுவிடும். தொழிற்சாலை உத்தியோகத்தர் மேல் எல்லையைக் கவனிப்பது போலவே கீழ் எல்லையையும் கவனிக்கின்றார். கார் என்ஜினும் அத்தகையதே. மைனர், கேம்பிரிட்ஜ் காலத்து என்ஜின்களின் நீர் ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரையில் இருக்க வேண்டும் என்றே அவை வடிவமைக்கப்பட்டன. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளி, ஒயிலின் தடிப்பு, கார்புரேட்டர் கொடுக்கும் கலவை யாவும் அந்தச் சூட்டைக் கணக்கில் எடுத்து அமைந்தவையாகும்.

அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது தேர்மோஸ்டட் என்ற சிறிய வால்வு. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்கு நீர் வெளியேறும் வாசலில் அது உட்கார்ந்திருக்கும். நீர் குளிர்ந்திருக்கும்போது வாசலை மூடி, நீரை என்ஜினுக்குள்ளேயே சுழல விடும். குறித்த வெப்பநிலையை அடைந்ததும் மெல்லத் திறந்து, வேண்டிய அளவு நீரை மட்டும் ரேடியேட்டருக்கு அனுப்பும். ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும் இந்தப் பாகமே நமது பழைய கார்களில் பெரும்பாலும் காணாமற்போயிருக்கின்றது.

அது தானாகக் காணாமற்போகவில்லை. கழற்றி எறியப்பட்டது. "இது குளிர் நாட்டுக்குச் செய்தது, நமக்குத் தேவையில்லை" என்பது தலைமுறை தலைமுறையாகக் கராஜ் பாஸ்மார் கூறிவரும் விளக்கமாகும். கொழும்பைப் பொறுத்தவரையிலேயே இது சரியான விளக்கமல்ல. ஹட்டனைப் பொறுத்தவரையில் முற்றிலும் பொருந்தாதது. இருந்தபோதிலும், அவ்வாறு கழற்றப்பட்டமைக்கு ஒரு காரணம் இருக்கவே செய்தது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். உயரம் ஏற ஏற நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறைகின்றது. ஹட்டனில் திறந்த பாத்திரத்தில் நீர் 96 பாகையை அண்மித்துக் கொதிக்கின்றது. நுவரெலியாவில் 94 பாகையை அண்மித்து. ரேடியேட்டரில் துரு அடைத்து, அழுத்த மூடியின் ரப்பர் இற்றுப்போன ஒரு கார், கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு வரும்போது கொதிக்காமல் என்ன செய்யும்? ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாகத் தேர்மோஸ்டட்டை எடுத்துவிட்டால் கொதிப்பு அப்போதைக்கு அடங்கிவிடும். வைத்தியம் பலித்ததாக எல்லோரும் நம்பிவிட்டனர். கார் கைமாறியது. அடுத்த உரிமையாளருக்கு அந்த வால்வு அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே தெரியாது.

இதனால் விளையும் கேடுகளைச் சற்று விரிவாக நோக்குவோம். குளிர்ந்த என்ஜினுக்குள் பெற்றோல் முழுமையாக ஆவியாவதில்லை. துளிகளாகவே சிலிண்டர்ச் சுவரில் படிந்து, அங்குள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்புக்குள் இறங்கும். சாரதியோ என்ஜின் தடுமாறுவதைக் கண்டு சோக்கை இழுத்தபடியே ஓட்டுவார். அல்லது கார்புரேட்டரின் கலவையைக் கூட்டிவிடுவார். இரண்டும் மேலும் பெற்றோலைக் கொட்டும் செயல்களே. உதாரணத்துக்கு, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடவேண்டிய கார் 10 கிலோமீற்றர் மட்டும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் ஒருவர் 50 லீற்றருக்குப் பதில் 60 லீற்றர் வாங்குகின்றார். ஒரு தேர்மோஸ்டட்டின் விலையை அந்த 10 லீற்றரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகின்றோம்.

பெற்றோலை விடப் பெரிய கேடு நீரினால் வருகின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உருவாகின்றது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதில் மிகப் பெரும் பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து சம்ப்புக்குள் வரும். என்ஜின் நன்கு சூடேறியிருந்தால் அந்த ஈரமும் ஆவியாகிச் சுவாசக் குழாய் வழியே போய்விடும். குளிர்ந்திருந்தால் அங்கேயே நீராகி, எரிவாயுவிலுள்ள அமிலப் பொருட்களைக் கரைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கத் தொடங்கும். 1930களில் பிரித்தானிய மோட்டார் பொறியியலாளர்கள் மேற்கொண்ட ஆய்வுகள், சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் பன்மடங்காகின்றது என்பதையும், அதற்கு உராய்வைக் காட்டிலும் இந்த அரிப்பே முக்கிய காரணம் என்பதையும் வெளிப்படுத்தின. "சூடே காட்டாத" என்ஜின் சில ஆண்டுகளில் ஒயில் குடித்து நீலப் புகை தள்ளுவதற்கும், மீண்டும் போர் செய்ய வேண்டிய நிலைக்கு வருவதற்கும் இதுவே அடிப்படையாகும்.

இந்த ஈரம் இன்னொரு விதத்திலும் பணத்தைக் கரைக்கின்றது. குளிர்ந்து ஓடும் என்ஜினின் ஒயில் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற, பால் கலந்த தேநீர் நிறப் பசை ஒன்று படிந்திருக்கும். ஒயிலும் நீரும் கலந்து நுரைத்த கலவை அது. ஹெட் கேஸ்கட் உடைந்து, குளிரூட்டும் நீர் ஒயிலுக்குள் புகுந்தாலும் இதே போன்ற பசைதான் தோன்றும். ஆகவே, மூடியைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் "கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. ஹெட் கழற்றப்படும். அதை மட்டப்படுத்த லேத் வேலைத்தலத்துக்கு அனுப்புவார்கள். வால்வுகளும் அரைக்கப்படும். புதிய கேஸ்கட் போட்டு, ஒரு பெருந்தொகைக்குப் பற்றுச்சீட்டும் எழுதப்படும். இரண்டு மாதத்தில் அதே பசை அதே மூடியில் மீண்டும் தோன்றும். ஏனெனில் கேஸ்கட்டில் முதலிலேயே பிழை இருக்கவில்லை.

இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது கடினமன்று. கேஸ்கட் உடைந்திருந்தால் ரேடியேட்டரில் நீர் நாளுக்கு நாள் குறையும். குளிரினால் வந்த பசையாயின் நீர் குறையாது. கேஸ்கட் பிழையில் ஒயில் அளவுகோலிலும் சம்ப்பிலும் ஒயில் முழுவதுமே பால் நிறமாகும். குளிர்ப் பசை மூடியிலும் ராக்கர் உறையின் உட்புறத்திலும் மட்டும் தங்கும், அளவுகோலில் ஒயில் வழமையான நிறத்திலேயே இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த என்ஜினை இயக்கியதுமே நீரில் இடைவிடாது குமிழிகள் வந்தால் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். இவற்றில் எதுவும் இல்லாமல் பசை மட்டுமே இருக்குமானால், ஹெட்டில் ஸ்பானர் வைக்கும் முன்னர் என்ஜினின் சூட்டை அளக்க வேண்டும். இதனை நாம் அழுத்திக் கூறுகின்றோம்.

எப்படி அளப்பது? காரின் வெப்பமானியை நம்பலாமா என்பதே முதற் கேள்வி. மொறிஸ் மைனரைப் பொறுத்தவரையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அதற்கு வெப்பமானி பொருத்தப்பட்டு வரவேயில்லை. மைனரின் முகப்பில் பெற்றோல் முள்ளும் சில விளக்குகளும் மட்டுமே உண்டு. ஆதலால் என்ஜின் சூடேறவில்லை என்பதை அதன் உரிமையாளர் மற்ற அறிகுறிகளைக் கொண்டே உணர வேண்டியிருக்கின்றது. பத்து நிமிடம் ஓடிய பின்னரும் சோக் இல்லாமல் என்ஜின் தடுமாறும். ஹீட்டர் உள்ள வண்டியென்றால், அதைத் திறந்தும் மூடுபனியில் முன் கண்ணாடி தெளியாது. பிளக்கைக் கழற்றினால் கறுத்துப் புகை படிந்திருக்கும்.

வெப்பமானி உள்ள கார்களில் முள் தாழ்ந்து நின்றால், உண்மையில் என்ஜின்தான் குளிர்ந்திருக்கின்றதா அல்லது முள் பொய் சொல்கின்றதா என்று பார்க்க வேண்டும். பழைய வகை மானிகளில் ஹெட்டிலிருந்து முகப்புக்கு மெல்லிய செப்புக் குழாய் வரும். அதற்குள் உள்ள திரவம் கசிந்துவிட்டால் முள் என்றென்றும் குளிரிலேயே நிற்கும். மின்சார வகையில், ஹெட்டில் உள்ள உணரியிலிருந்து வரும் வயர் கழன்றிருந்தாலும் முள் குளிரையே காட்டும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல பிரித்தானிய கார்களில் வெப்பமானிக்கும் பெற்றோல் மானிக்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் செல்கின்றது. ஆதலால் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்த பின்னரும் அந்த முள்ளும் தாழ்ந்தே நின்றால் பிழை என்ஜினில் இல்லை. அந்தச் சீராக்கியில் இருக்கின்றது. இதைக் கண்டறிவதற்குச் செலவே இல்லை.

கொவிட் காலத்தில் கடைவாசல் தோறும் காணப்பட்ட அகச்சிவப்பு வெப்பமானியின் உறவுப்பொருள் ஒன்று இப்போது ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கின்றது. நெற்றிக்குப் பிடிப்பது இதற்கு உதவாது. நூறு பாகைக்கு மேல் காட்டக்கூடிய தொழில்முறைக் கருவி வேண்டும். தேர்மோஸ்டட் உறையில் பளபளக்கும் உலோகத்தின் மீது நேரே பிடித்தால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், சிறு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மீது பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் ஓடிய பின்னரும் 60 பாகையைத் தாண்டாவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

கருவி இல்லாதவர்களுக்குக் கையே போதும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இயக்கிவிட்டு, ஹெட்டிலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குச் செல்லும் தடித்த ஹோஸை விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாதவாறு அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். தேர்மோஸ்டட் நன்றாக இருந்தால் சில நிமிடங்களுக்கு ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். பின்னர் வால்வு திறந்ததும், திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸும் ரேடியேட்டரும் சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அங்கே வால்வு இல்லை. அல்லது திறந்தபடியே இறுகிவிட்டது. இந்தச் சோதனையின்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கின்றோம்.

அடுத்து, என்ஜின் ஆறிய பின்னர் உறையின் நட்டுக்களைக் கழற்றிப் பார்க்கலாம். நமது கார்களில் பெரும்பாலும் உள்ளே வெறுமையே இருக்கும். வால்வு இருந்தால் அதை ஒரு சட்டியிலுள்ள நீரில், அடியில் முட்டாதவாறு நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்க வேண்டும். அதன் மீது பொறிக்கப்பட்டுள்ள எண், அது திறக்கத் தொடங்கும் பாகையைக் குறிக்கின்றது. 82 என்று இருந்தால் அதை அண்மித்துத் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பதினைந்து பாகையில் முழுமையாகத் திறக்க வேண்டும். குளிர்ந்த நீரிலேயே வாயைப் பிளந்து கொண்டிருந்தால் அது செத்த வால்வு.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் குறிப்பிடுவது பயனுள்ளது. 1950களின் கார்களில் இருந்தது பித்தளைத் துருத்தி வகைத் தேர்மோஸ்டட். துருத்திக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். சூட்டில் அது விரிந்து வால்வைத் திறக்கும். அந்தத் துருத்தி என்றோ ஒருநாள் ஓட்டையானால் வால்வு மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்கும்படி அதனைச் செய்தவர்கள் அமைத்திருந்தனர். என்ஜின் கொதித்து அழிவதைக் காட்டிலும் குளிர்ந்து ஓடுவது மேல் என்பது அவர்களது கணக்கு. ஆகவே, எவரும் கை வைக்காத, துரை வாங்கிய நாளிலிருந்து கராஜைக் காணாத காரும்கூடத் துருத்தி கிழிந்து குளிர்ந்து ஓடலாம். பின்னர் வந்த மெழுகு வகை இதற்கு மாறானது. அது பழுதானால் மூடியபடி நின்று கொதிப்பை உண்டாக்குவதே அதிகம். துருவும் மண்ணும் சிக்கினால் திறந்தபடி நிற்பதும் உண்டு.

புதிய தேர்மோஸ்டட் போட்ட பின்னரும் சூடு ஏறாவிட்டால் வேறிடம் தேட வேண்டும். விட்டம் சற்றுச் சிறிய வால்வைப் போட்டிருந்தால் அதன் ஓரத்தால் நீர் ஒழுகும். வெப்ப நாடுகளுக்கென்று அதிக இலைகளோடு வந்த விசிறியும், வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்திய பெரிய ரேடியேட்டரும் சேர்ந்தால் றொசல்ல மழையில் அவை தேவைக்கு அதிகமாகும். பழைய உடலுக்குள் ஜப்பான் என்ஜின் வைத்த கார்களில் மின் விசிறிக்குரிய சூட்டு சுவிட்சைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, சாவி திருகியதுமே விசிறி சுழலும்படி நேரடியாக வயர் கொடுத்திருப்பார்கள். இதுவும் அடிக்கடி காணப்படும் ஒரு குறையே.

குறையே இல்லாமலும் முள் இறங்கும் ஓர் இடமுண்டு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை நோக்கிக் காலை எக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, கியரில் பிடித்தபடி நெடுந்தூரம் இறங்கும்போது என்ஜினில் எரிவது மிகச் சொற்பம். முன்னால் குளிர்காற்று. முள் இறங்கத்தான் செய்யும். சமநிலத்தில் மீண்டும் ஏறிவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதேபோல், தோட்டத்திலிருந்து டவுனுக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் மட்டும் ஓடி நிற்கும் கார் எவ்வளவு நல்ல வால்வைக் கொண்டிருந்தாலும் முழுச் சூட்டை அடையாது. அத்தகைய கார்களை வாரத்தில் ஒருமுறையாவது ஒரு நீண்ட ஓட்டத்துக்கு எடுத்துச் செல்வதும், ஒயிலைச் சற்று முந்தியே மாற்றுவதுமே வழி.

கறுத்த பிளக்கை மட்டும் வைத்துக்கொண்டு குளிர் என்று முடிவு செய்வதும் தவறாகலாம். ஹட்டன் உயரத்தில் காற்று கடலோரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. கொழும்பில் சரிப்படுத்திய கார்புரேட்டர் இங்கு வந்ததும் தேவைக்கு அதிகமாகப் பெற்றோல் கொடுக்கும். சூடு சரியாக இருந்தும் பிளக் கறுத்தால் கலவையைக் குறைக்க வேண்டும். சூடு குறைவாக இருந்தால், முதலில் சூட்டைச் சரிசெய்த பின்னரே கலவையில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேர்மோஸ்டட்டை மீண்டும் பொருத்தும் நாள். பத்து இருபது ஆண்டுகளாக அது இல்லாமல் ஓடிய காரில் அதைப் போட்டதும், எந்தக் கொதிப்பை மறைக்க அது கழற்றப்பட்டதோ அந்தக் கொதிப்பு மறுநாளே திரும்பி வரலாம். "நான் அப்போதே சொன்னேன்" என்று பாஸ் அதை மீண்டும் கழற்றிவிடுவார். இதைத் தவிர்க்க வேண்டுமானால் ரேடியேட்டரையும் என்ஜினின் நீர்ப்பாதையையும் முதலில் கழுவித் துருவை வெளியேற்ற வேண்டும். புதிய அழுத்த மூடி ஒன்றும் வாங்க வேண்டும். 7 இறாத்தல் மூடி ஒன்று கொதிநிலையை ஏறத்தாழ 12 பாகையால் உயர்த்துகின்றது. மலையேற்றத்தால் இழந்த நான்கு ஐந்து பாகையை அது ஈடுசெய்து மேலும் மிச்சம் வைக்கும். மைனரிலும் ஒஸ்டின் ஏ வரிசை என்ஜின்களிலும் ஹெட்டுக்கும் நீர்ப் பம்புக்கும் இடையே ஒரு விரல் நீளத்தில் பைபாஸ் ஹோஸ் ஒன்று இருக்கின்றது. வால்வு மூடியிருக்கும்போது நீர் சுழல்வது அதன் வழியாகவே. மாற்றுவதற்கு மிகவும் சிரமமான ஹோஸ் என்பதால் அதைக் கழற்றி ஆப்பு அடித்துவிடும் வழக்கமும் உண்டு. அப்படி அடைத்த என்ஜினில் தேர்மோஸ்டட்டை அப்படியே போட்டால் நீர் நின்ற இடத்திலேயே நின்று ஹெட்டின் சில பகுதிகள் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகும். ஹோஸை மீட்டெடுப்பதே உத்தமம். முடியாவிட்டால் வால்வுத் தட்டில் சிறு துளையாவது இட வேண்டும்.

எந்த எண் வால்வு என்று கேட்பார்கள். ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளுக்கு 82 போதுமானது. ஆண்டு முழுவதும் நுவரெலியாவிலேயே நிற்கும், ரேடியேட்டர் நல்ல நிலையிலுள்ள கார்களுக்கு 88 பொருந்தும். தாழ்நிலக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றது என்பதற்காக 74ஐ வாங்கிப் போடுவதில் பெரிய பயனில்லை. ஓடை நீரை மட்டும் ஊற்றாமல் துருவைத் தடுக்கும் கூலன்ட்டையும் கலக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்வெளிகளில் உறைபனி படிந்தாலும் இங்கு கூலன்ட்டின் வேலை உறைவதைத் தடுப்பதல்ல, துருவிலிருந்து காப்பதேயாகும்.

1940களின் இறுதியில் வந்த ஆரம்பகால மைனரின் 918 சிசி என்ஜினுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அதில் நீர்ப் பம்பே இல்லை. சூடான நீர் மேலெழும் இயல்பால் மட்டும் நீர் சுழன்றது. நீரே இல்லாத வொக்ஸ்வேகன் பீட்டிலிலோ காற்றை அளந்துவிடும் தகடுகளுக்கு ஒரு துருத்தி இருந்தது. அதையும் நமது கராஜ்கள் விட்டுவைக்கவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் கார்ட்போர்ட் அட்டையைச் செருகி ஓட்டும் வழக்கம் லொறிகளில் இன்றும் காணப்படுகின்றது. இதைக் கேலி செய்வதற்கில்லை. 1930களின் ரோல்ஸ் ரொய்ஸ் கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் பலகணிகள் இருந்தன. அட்டையும் அதே வேலையைத்தான் செய்கின்றது. ஆனால் வெயில் வந்தால் தானாகத் திறக்காது. வட்டவளை மழையில் செருகிய அட்டை கித்துல்கலை வெயிலில் மறந்துபோனால், குளிர் நோய்க்குச் செய்த வைத்தியம் கொதிப்பில் போய் முடியும்.

வால்வைப் போட்டு முடிந்ததும் ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். பழைய ஒயிலில் பெற்றோலும் நீரும் கலந்திருக்கும். மூடியிலுள்ள பசையைத் துடைத்துவிட்டு, ஒரு மாதம் ஓடிய பின்னர் மீண்டும் திறந்து பாருங்கள். ராக்கர் உறைக்குள் ஒட்டியிருந்த பழைய ஈரம் வெளியேறச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் முதல் தடவை சிறிது பசை இருந்தாலும் பதற வேண்டாம். இரண்டாம் மாதத்திலும் அதே அளவு தோன்றி, ரேடியேட்டரிலும் நீர் குறைந்திருந்தால், அப்போது ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.